வீட்டில் சுகமாக இருக்கும் ஆள்

தங்கையாவின் வீட்டைத் தேடிப் போகிறவர்கள் இலக்கத்தைக் கேட்பதில்லை. கொட்டாஞ்சேனையில் அந்தோனியார் சொரூபத்துக்குப் பக்கத்தால் இறங்கும் ஒழுங்கையில் நின்று, இடியப்பம் அவிக்கிற வீடு எது என்றால் யாராவது கையைக் காட்டுவார்கள். காட்டாவிட்டாலும் பரவாயில்லை. அரிசிமா வேகும் வாசத்தைப் பிடித்துக்கொண்டு போனால், ஒழுங்கையின் கடைசியில், பொதுக்குழாய்க்கு எதிரே, தகரக் கூரைக்குக் கீழிருந்து ஆவி வெளியே வருவது தெரியும்.

நான் இடியப்பம் வாங்கப் போகவில்லை. இரத்தம் எடுக்கப் போனேன்.

நெஞ்சில் பலமாக அடிபட்டவர்களைப் பற்றிய ஓர் ஆய்வில் எனக்கு உதவியாளர் வேலை. விலா எலும்பு உடைந்து நுரையீரல் கன்றிப்போனால், உடம்பின் காவல் முழுவதும் கிளம்பி அந்த இடத்துக்கு ஓடுகிறது. கிருமி ஒன்றும் இல்லாவிட்டாலும் ஓடுகிறது. இதைத்தான் அழற்சி என்கிறார்கள். சிலருக்கு அது காயத்தை ஆற்றிவிட்டு அடங்கிவிடும். சிலருக்கு அடங்காது, நல்ல பாகத்தையும் சேர்த்து எரிக்கத் தொடங்கிவிடும். யாருக்கு எது நடக்கும் என்பதை முதல் சில நாட்களின் இரத்தத்தை வைத்தே சொல்ல முடியுமா என்பது டொக்டர் மிதுஷனின் கேள்வி. ஆய்வு அவருடையது. வார்ட் வேலையும் அவருக்கு உண்டு. அவருடைய கண்கள் சிவக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அடிபட்டவரின் இரத்தத்தை எதனோடு ஒப்பிடுவது? அதற்காக, அதே வீட்டில் அதே சோற்றைச் சாப்பிட்டு அதே காற்றைச் சுவாசிக்கும் இன்னொருவரிடமும் இரத்தம் எடுப்போம். வயது கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். நோய் நொடி, காயம் இருக்கக்கூடாது. படிவத்தில் அவருக்கு நீளமான ஒரு பெயர் இருக்கிறது. நான் வாயால் சொல்லும்போது ‘வீட்டில் சுகமாக இருக்கும் ஆள்’ என்பேன்.

தங்கையாவுக்கு ஐம்பது வயது கடந்திருக்கும். சொந்தமாக ஓட்டோ வைத்து ஓட்டுகிறவர். பெற்றோர் பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். நான் அவரை முதலில் கண்டது ஆஸ்பத்திரிக் கட்டிலில், விபத்து நடந்து மூன்றாம் நாள். தலையணைகளை அடுக்கி அரைவாசி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். மூச்சைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்தார். கட்டிலின் கால்மாட்டில் அவருடைய மனைவி இராமலெட்சுமி நின்றார். கதிரை இருந்தும் அவர் அதில் இருக்கவில்லை.

“ஐயா, உங்கட வீட்டில சுகமா இருக்கிற ஒராளின்ர ரத்தமும் எங்களுக்கு வேணும்” என்றேன்.

“வேற யாரு மிஸ்? இந்தா நிக்கிறாளே. நம்ம வீட்டுல இரும்பு மாதிரி இருக்கிறவ இவ ஒருத்திதான்.”

“அக்கா, நீங்களும் அந்த ஓட்டோவில இருந்தனீங்கள்தானே? உங்களுக்கு எங்கையாவது அடி பட்டதோ?”

இராமலெட்சுமி வாயைத் திறந்தார். அதற்குள் தங்கையா தொடங்கிவிட்டார்.

“அவளுக்கா? கேளுங்க மிஸ் கதைய. வத்தளையில மா அரைச்சிட்டு வாறோம். பாலத்துக்குக் கிட்ட லொறிக்காரன் ஒரசிட்டுப் போறான். வண்டி பொரண்டிருச்சு. எனக்கு ஹேண்டலு நெஞ்சுல. இவளுக்கு மா மூட்ட, பஞ்சு மெத்த மாதிரி! மூட்ட வெடிச்சு ஒடம்பெல்லாம் மா. சனம் ஓடியாந்து பாத்தா வெள்ள வெளேர்னு ஒரு பேய் எந்திரிச்சு நிக்கிது. ஒரு சிங்களப் பொடியன், அம்மோவ்னு கத்திட்டு ஓடிட்டான்.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். மருந்து கொடுக்க வந்த தாதியும் சிரித்தார். தங்கையாவுக்கும் சிரிப்பு வந்து, அது நெஞ்சைப் பிடித்து, முகம் கோணியது.

“சும்மா இருங்க. இந்தக் கதைய ஊர் பூரா சொல்லியாச்சு” என்றார் இராமலெட்சுமி. அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ‘அடி: இல்லை’ என்று குறித்தேன்.

அந்த முதல் இரத்தத்தின் பெறுபேறு அடுத்த கிழமை வந்தது. தங்கையாவின் அழற்சி எண்கள் எதிர்பார்த்தபடி மிக உயர்ந்திருந்தன. இராமலெட்சுமியின் எண்களும் கிட்டத்தட்ட அதே அளவில் இருந்தன.

டொக்டர் மிதுஷன் தாளைத் திருப்பி என்னிடம் காட்டினார். “யதுஷா, ஒரே ஆளின்ர ரத்தத்தை ரெண்டு குழாயிலயும் விட்டிட்டீர் போல.”

“இல்லை டொக்டர். ரெண்டு பேரிலயும் வேறை வேறையாத்தான் எடுத்தனான்.”

“அப்ப லேபிள் மாறியிருக்கும்.”

“மாறினாலும் ரெண்டும் உயர வராதே…”

“ஒண்டை விட்டிட்டு மற்றதை ரெண்டாப் பிரிச்சிருப்பீர். அண்டைக்கு வார்ட் சந்தை மாதிரித்தானே இருந்தது. பரவாயில்லை, விடும். அவர் வீட்டை போயிட்டார். வீட்டில போய் ரெண்டு பேரிலயும் திரும்ப எடும்.”

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நான் கொஞ்சம் எதிர்த்துக் கதைத்திருப்பேனோ என்னவோ. அன்று பின்னேரம் வெள்ளவத்தையில் என் புள்ளிவிபரவியல் வகுப்பு இருந்தது. காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், தையல் கடைக்கு மேலே ஒரு மண்டபம். கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் எண் ஒன்று கண்ணில் பட்டால் முதலில் அதை எழுதிய கையைச் சந்தேகியுங்கள் என்று அங்கே படித்திருந்தோம். நான் என் கையைச் சந்தேகித்தேன். அதற்கு எனக்கு வகுப்புத் தேவையில்லை. லொட்ஜ் அறையைப் பூட்டிவிட்டுப் படியிறங்கினால், பூட்டினேனா என்று திரும்ப ஏறிப் பார்க்கிறவள் நான். அன்று வார்ட்டில் நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஊசி, பஞ்சு, குழாய், லேபிள். நினைக்க நினைக்க எது நடந்தது, எதை நானாகச் சேர்க்கிறேன் என்று தெரியாமல் போனது. கடைசியில் பிழை என்னுடையதுதான் என்று முடிவுசெய்தேன். அப்படி முடிவுசெய்ததும் ஒரு நிம்மதிகூட வந்தது.

மறுநாள் மட்டக்குளி பஸ்ஸில் நின்றுகொண்டே போய்க் கொட்டாஞ்சேனையில் இறங்கியபோது பகல் இரண்டரை இருக்கும். ஐப்பசி வெயில் தகரத்தில் அடித்து ஒழுங்கைக்குள் தேங்கி நின்றது. துறைமுகப் பக்கத்தில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பின்னேரம் மழை வந்தே தீரும் என்ற மாதிரி எல்லாரும் உடுப்புகளை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முன்னறையில் தங்கையா கதிரையில் இருந்தார். மடியில் தலையணை. கையில் மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி. மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே போகும். அவருக்கு ஒரு பந்துதான் அசைந்தது.

அடுப்படி வீட்டின் பின்பக்கம். ஒரு கதவும் இல்லை, இரண்டு படி இறக்கம் மட்டும். இராமலெட்சுமி இரவுக் கடைகளுக்கான இடியப்பத்தைப் பிழிந்துகொண்டிருந்தார். கொதிநீர் ஊற்றிக் குழைத்த மா ஆறுவதற்கு முன் பிழிய வேண்டும், ஆறினால் இறுகிவிடும். மாவை இடியப்ப உரலுக்குள் அடைத்து, இரண்டு கைப்பிடிகளையும் நெஞ்சுயரத்தில் பிடித்து, தோளின் பாரம் முழுவதையும் இறக்கி அமுக்கவேண்டும். கை தட்டின்மேல் வட்டமாகச் சுற்றவேண்டும். நூல் அறாமல் ஒரே வீச்சில் விழவேண்டும். தட்டுகளை அடுக்கிப் பெட்டியில் வைத்து மூடினால் அடுத்த மாவைக் குழைக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு தரம் இந்த வேலை, விடிய முதல் ஒருக்கா, மத்தியானத்துக்குப் பிறகு ஒருக்கா.

ஆனால் அவர் நெஞ்சுயரத்தில் பிடித்து அமுக்கவில்லை. உரலைத் தட்டின்மேலேயே தாழ வைத்து, இடது கையை விறைப்பாக ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினார். நூல் விழுந்தது, நின்றது, திரும்ப விழுந்தது. இது இவருடைய முறை போலும் என்று நினைத்துக்கொண்டேன். நான் யாழ்ப்பாணத்தில் அம்மா பிழிவதைப் பார்த்தவள். வீட்டுக்கு வீடு முறை மாறும்தானே.

“வாங்க மிஸ். இருங்க, இந்த ஒரு ஈடு முடிச்சிட்டு வாறேன்” என்றார். குரல் கொஞ்சம் கரகரத்தது.

முன்னறையிலிருந்து தங்கையா கூப்பிட்டார். “ஏய், இந்தப் பந்து ஏற மாட்டேங்குது.”

“மொதல்ல இருமுங்க. இருமிட்டு இழுங்க. சளி உள்ளுக்கே நின்டா நிமோனியா வருமுன்னு டொக்டர் சொன்னாருல்ல.”

“இருமுறதா? நீ ஒருக்கா இருமிப் பாரு, தெரியும்.”

“தலவாணிய நெஞ்சுல அமுக்கிப் புடிச்சிட்டு இருமுங்க.”

“தலவாணியாம். நோவு எனக்குல்ல?”

இராமலெட்சுமி அடுத்த தட்டை எடுத்தார்.

மேசையில் பாடப் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்த மகள் சுபாஷினி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அவளுக்குப் பதினேழு வயது, உயர்தரம் படிக்கிறாள். “மிஸ், இது நாள் பூரா ஓடுற நாடகம். டிக்கட் இல்ல.”

பக்கத்து வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார். இடியப்பங்களைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்தான். தட்டொன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“என்னா லெச்சுமி, இன்னைக்கும் நூலு அறுந்து கெடக்கு? நேத்தே அந்த முதலாளி என்னய ஏசுறான். இது இடியப்பமா, புட்டான்னு கேக்குறான்.”

“மா சரியில்ல கொன்ஸ்ரன்ஸு.”

“மா எப்புடிச் சரியா இருக்கும்? நீ பேயா அதுக்குள்ள இருந்து எந்திரிச்ச மாதானே. பாதிரியாரக் கூட்டியாந்து தண்ணி தெளிக்கணும்.”

“அந்த மூட்டதான் வெடிச்சு ரோட்டுல போச்சே. இது புதுசு.”

“அப்ப புது மாவுலயும் பேயி ஏறிக்கிச்சு.”

சொல்லிவைத்தாற்போல் இராமலெட்சுமியின் கைபேசி அடித்தது. சுபாஷினி அதை அம்மாவின் காதில் பிடித்தாள். முதலாளியின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. “லெச்சுமி, இந்திஆப்ப கெடிலானே!” உடைந்துபோய் வருகிறதே என்று அவர் கேட்க, இவர் மா ஒட்டிய கைகளை விரித்தபடி, “பிட்டி நரக்கய் முதலாளி, ஹெட்ட ஹொந்த பிட்டி கன்னங்” என்றார். மா கூடாது, நாளைக்கு நல்ல மா எடுக்கிறேன்.

கடைசி ஈடு ஏறியபிறகு அவர் படியில் வந்து இருந்தார். முதலில் தங்கையாவிடம் இரத்தம் எடுத்தேன். குழாயைக் கையில் வைத்துக்கொண்டே “தங்கையா” என்று உரக்க வாசித்து, லேபிளை ஒட்டி, பெட்டிக்குள் வைத்து மூடினேன். பிறகுதான் மற்ற ஊசியை எடுத்தேன். “இராமலெட்சுமி” என்று வாசித்தேன். ஒட்டினேன். திரும்பவும் வாசித்தேன்.

சுபாஷினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “மிஸ், எங்க அப்பாவையும் அம்மாவையும் உங்களுக்கு அடையாளம் தெரியாதா? மீச இருக்கிறவரு அப்பா.”

“எனக்கு அவையளில சந்தேகம் இல்லை. என்னிலதான் சந்தேகம்” என்றேன்.

ஊசி குத்தப் பிடித்தபோது இராமலெட்சுமியின் கை சுட்டது. “அக்கா, கை நல்லாச் சுடுது.”

“நெருப்புக்கு முன்னுக்கு நிக்கிறவ கை சுடாம குளுருமா மிஸ்?”

அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லாததால் நின்றேன். அவர் ஒரு தட்டில் அறுந்த இடியப்பங்களாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டு, சொதியும் தேங்காய்ச் சம்பலும் வைத்துத் தந்தார். “நல்லதெல்லாம் கடைக்குப் போகணும், கோவிக்காதீங்க.” நல்லதென்று அவர் பிரித்து வைத்த அடுக்கு மிகச் சிறியது. நான் சாப்பிடும்போது அவர் சுவரில் கையை ஊன்றி நின்றார், ஆஸ்பத்திரியில் நின்றதைப் போலவே. ஒருதரம் இருமல் வந்தது. அதை வெளியே விடாமல் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து, கண்ணில் நீர் வரும்வரை விழுங்கினார். ஆவி தொண்டையில் ஏறிவிட்டது என்றார்.

இரண்டாவது பெறுபேறு வந்த அன்று டொக்டர் மிதுஷன் என்னைக் கூப்பிட்டது வார்ட்டின் சாமான் அறைக்கு. தாளை என்னிடம் தராமல் அவரே வாசித்தார். தங்கையாவின் எண்கள் அரைவாசிக்கும் கீழே இறங்கிவிட்டன. இராமலெட்சுமியின் எண்கள் முதல் தடவையை விட ஏறியிருந்தன.

“திரும்பவும் மாறியிருக்கு” என்றார்.

“டொக்டர், நான் பேரை வாசிச்சு வாசிச்சுத்தான் ஒட்டினனான்.”

“நிச்சயமாவோ?”

ஓம் என்று சொல்லவேண்டிய இடம் அது. நான், “அப்பிடித்தான் நினைக்கிறன்” என்றேன்.

அவர் கண்ணைக் கசக்கினார். “அப்ப ஏறினது தங்கையாவுக்கு. நெஞ்சுக்குள்ள ஏதோ பழுதாகுது. மழைக்குள்ள வீட்டில இருமாமல் குந்தியிருந்திருப்பார். நாளைக்குக் காலமை கட்டாயம் வரச்சொல்லும்.”

தொலைபேசியில் இராமலெட்சுமிதான் எடுத்தார். ஐயாவின் இரத்தம் நல்லாயில்லை, எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்று சொன்னேன். “கூட்டியாறேன் மிஸ்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர்கள் வந்தார்கள். விடியக்கால இடியப்பத்தை முடித்துவிட்டு வந்திருந்தார்கள். இராமலெட்சுமியின் விரலிடுக்குகளில் மா காய்ந்திருந்தது. தங்கையா பயந்துபோயிருந்தார். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். உடுப்பு, போத்தல், தலையணை, மூன்று பந்துக் கருவி எல்லாம் இருந்த பையை இராமலெட்சுமி வலது தோளில் சுமந்திருந்தார். சாய்வான நடைபாதை ஏறும்போது இரண்டு தரம் நின்றார். இரண்டு தரமும் தங்கையாவைப் பார்த்து, “மெதுவா, மெதுவா. நின்டு போவோம்” என்றார்.

எக்ஸ்ரே படம் வந்தது. டொக்டர் அதைத் திரையில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார். உடைந்த எலும்புகள் அப்படியே தெரிந்தன. ஆனால் முதல் படத்தில் நுரையீரலில் இருந்த வெள்ளைப் படலம் போய்விட்டது.

“இவருக்கு நல்லா ஆறுது. இந்த எண்ணுக்கு இந்தப் படம் வராது.” என்னைத் திரும்பிப் பார்த்தார். “யதுஷா?”

எனக்கு அப்போது சுபாஷினியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. மீசை இருக்கிறவர் அப்பா என்று அவள் சொன்னபோது இராமலெட்சுமியின் குழாய் என் கையில்தான் இருந்தது. அதற்கு முதலே தங்கையாவின் குழாய் பெட்டிக்குள் மூடிக்கிடந்தது. அந்தச் சிரிப்பை நான் கற்பனையில் சேர்த்திருக்க முடியாது.

“நான் மாத்தேல்லை, டொக்டர்” என்றேன். “முதல்தரமும் மாத்தேல்லை.”

வெளியே மர வாங்கில் இராமலெட்சுமி இருந்தார். ஆஸ்பத்திரியில் அவர் இருந்து இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன். முதுகு வாங்கில் சாயவில்லை. இடது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

“இருங்கோ அக்கா. ஐயாவுக்கு ஒண்டும் இல்லை. நல்லா இருக்கிறார்.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

நான் பக்கத்தில் இருந்தேன். “அக்கா, முதல்நாள் உங்களிட்ட ஒரு கேள்வி கேட்டனான். ஐயாதான் பதில் சொன்னவர். இப்ப நீங்கள் சொல்லுங்கோ. உங்களுக்கு அடி பட்டதோ?”

நடைபாதையில் ஒருவரைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூட்ட முன்னுக்கு இருக்கல மிஸ்” என்றார். “பின்னுக்கு இருந்துச்சு. சீட்டுக்குப் பின்னுக்கு நிறுத்தி வச்சிருந்தோம். வண்டி பொரளயில அது வந்து முதுகுல அடிச்சு, என்னயக் கொண்டுபோய் முன்னுக்கு இருக்கிற கம்பியில குத்திருச்சு. கம்பிக்கும் மூட்டைக்கும் நடுவுல நான்.”

“ஏன் அக்கா அப்பவே சொல்லேல்லை?”

“அந்த மனுசன் ரோட்டுல கெடக்காரு. நானும் படுத்துக்கிட்டா யாரு எந்திரிக்கிறது?”

“பிறகாவது சொல்லியிருக்கலாமே?”

“எப்ப மிஸ்? எல்லாரும் சிரிச்சிட்டாங்களே.” கொஞ்சம் மூச்செடுத்தார். “நீங்களும் எழுதிட்டீங்க, சுகமான ஆளுன்னு. டொக்டர்மாரு எழுதின பொறகு நான் போயி, இல்ல எனக்கும் நோவுதுன்னு சொன்னா ஒங்க வேல கெட்டுப் போகாதா? ரெண்டு நாள்ல சரியாகும்னு நெனச்சேன். பழைய சேலையக் கிழிச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டேன். கட்டினா மூச்சு கம்மியாத்தான் வரும். ஆனா நோவு தெரியாது. அவருக்குக் குடுத்த மாத்திரையில பாதி நான்தான் போட்டேன். அதான் அவருக்கு நோவு. அந்த மனுசன் பாவம்.”

சொல்லி முடித்ததும் இருமல் வந்தது. இந்த முறை அதை விழுங்க முடியவில்லை.

மூன்று விலா எலும்புகள். அவை உடைந்தபோது உள்ளே கொஞ்சமாகக் கசிந்த இரத்தம் வெளியேற வழியில்லாமல் நெஞ்சறைக்குள் தேங்கி, மூச்சும் இருமலும் அடக்கப்பட்டதால் சளியும் கட்டி, பழுதாகி, சீழாகியிருந்தது. இடது பக்கத்தில் குழாய் போட்டு எடுக்கத் தொடங்கினார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் என்று டொக்டர் தொடங்கி, வசனத்தை முடிக்கவில்லை. சாமான் அறையில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதல் தாளிலயே இருந்தது” என்றார். “நான்தான் பிழையெண்டு சொன்னனான்.”

“நானும் ஓம் எண்டுதானே சொன்னனான்” என்றேன்.

அவர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். இராமலெட்சுமியை ஒப்பீட்டு ஆட்களின் வரிசையிலிருந்து நீக்கவேண்டும். பேனாவை எடுத்துவிட்டு, ‘அடி: இல்லை’ என்ற என் எழுத்தைப் பார்த்தேன். எழுத்து வடிவாக, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் இருந்தது.

அந்தக் கிழமை முழுவதும் பின்னேர மழை. நான் வகுப்புக்குப் போகவில்லை. வேலை முடிந்ததும் பெண்கள் வார்ட்டுக்குப் போனேன். முதலிரண்டு நாளும் இராமலெட்சுமி கண் திறந்தும் கதைக்கவில்லை. உடம்பு அனலாகக் கிடந்தது. கட்டிலுக்குக் கீழே இருந்த போத்தலில் கலங்கிய நீர் இறங்கிக்கொண்டிருந்தது. தங்கையா கதிரையில் இருந்தபடி அந்தப் போத்தலையே பார்ப்பார். என்னோடு அவர் கதைப்பது குறைந்துவிட்டது. மா மூட்டைக் கதையை அதன்பிறகு அவர் ஒருவருக்கும் சொல்லி நான் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரி, என்ன நடந்தது அண்ணே என்று கேட்டபோது, “அக்சிடன்ட். ரெண்டு பேருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

காய்ச்சல் இறங்கிய அன்று நான் போனபோது இராமலெட்சுமி சாய்ந்து இருந்தார். நெஞ்சில் தலையணை. அதே தலையணை. தங்கையா முன்னால் கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இழு. இன்னும். பந்து ஏறல பாரு.”

“ஏறுது. ஒங்களுக்குத்தான் கண்ணு தெரியல.”

“இருமிட்டு இழு.”

இராமலெட்சுமி இருமினார். தலையணையை அமுக்கிப் பிடித்த விரல்கள் வெளிறின. தங்கையாவின் கையும் அறியாமல் தன் நெஞ்சுக்குப் போனது. “நோவும்” என்றார் மெதுவாக. “நோவும்தான்.”

டொக்டர் மிதுஷன் சொல்லியனுப்பியதை நான் சொன்னேன். இராமலெட்சுமி இனி ஆய்வில் அடிபட்டவர்களின் வரிசையில். அவர் சம்மதித்தால் தொடர்ந்து இரத்தம் எடுப்போம். அப்படியென்றால் அவருக்கும் ஒப்பிட வீட்டில் சுகமாக இருக்கும் ஆள் ஒருவர் வேண்டும்.

அவர்கள் இருவரும், சாப்பாடு கொண்டுவந்திருந்த சுபாஷினியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுபாஷினி அடுக்குப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, “எனக்கு வயசு காணாதுன்னு நீங்கதான் மிஸ் சொன்னீங்க” என்றாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. விடியக்காலை இடியப்பத்தை இப்போது அவளும் கொன்ஸ்ரன்ஸும் பிழிகிறார்கள்.

“என்னய எழுதிக்கங்க மிஸ்” என்றார் தங்கையா. “இப்ப இந்த வீட்டுல நான்தானே சுகமா இருக்கேன்.”

இராமலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சிரிக்க வக்காதீங்க, குழா குத்துது” என்று விலாவைப் பிடித்தார். நான் ஒன்றும் எழுதவில்லை. படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, “அக்கா, இண்டைக்கு எங்கை நோகுது எண்டு நீங்களே சொல்லுங்கோ” என்றேன். அவர் கொஞ்சம் வெட்கத்தோடு ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டத் தொடங்கினார். முதுகு, தோள், விலா. இதுவரை அப்படிக் கேட்ட ஆளே இல்லாத மாதிரி நிதானமாகக் காட்டினார்.

பிறகு சுபாஷினி பாத்திரத்தைத் திறந்தாள். இடியப்பம் தடித்து, துண்டு துண்டாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. இராமலெட்சுமி ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

“முதலாளி என்னா சொன்னாரு?”

“வழக்கம்போல ஏசினாரு. மா நரக்கய்னு சொல்லிட்டேன், நீ சொல்ற மாதிரியே.”

இராமலெட்சுமி அந்தத் துண்டை வாயில் போட்டு மென்றார். விழுங்குவதற்கு நேரம் எடுத்தது.

“இனிமே அப்படிச் சொல்லாத புள்ள” என்றார். “அது நல்ல மாதான். கைதான் முடியலன்னு சொல்லு.”